நாடிக்கு எண் பிறந்த கதை

நூலின் முனையில் ஓர் ஈயக் குண்டு. ஒரு கையால் அதை ஆடவிட்டு, மறு கையால் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் மருத்துவர். குண்டு நாடியை முந்திக்கொண்டு ஆடினால் நூலைக் கொஞ்சம் நீளவிடுகிறார். பின்தங்கினால் இழுத்துச் சுருக்குகிறார். ஆட்டமும் துடிப்பும் ஒத்துப்போன இடத்தில் நூலின் நீளத்தைக் குறித்துக்கொள்கிறார். மறுநாளும் வந்து அளக்கிறார். நூல் நேற்றைவிடக் குட்டையாக இருந்தால் நாடியின் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இத்தாலியில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்டோரியோ என்ற மருத்துவர் உருவாக்கிய கருவி இது. பல்சிலோஜியம் என்று பெயர் வைத்தார். இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நூல் எவ்வளவு நீளம் என்றுதான் சொன்னார். ஒரு நிமிடத்தை நம்பகமாக அளந்து காட்டும் கைக்கடக்கமான கடிகாரம் அன்று எந்த மருத்துவரிடமும் கிடையாது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு செய்முறை கொடுத்திருந்தார்கள். அமைதியாக உட்கார்ந்து நாடியை எண்ண வேண்டும். கயிறு தாண்டிவிட்டு உடனே மறுபடி எண்ண வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை, துடிப்பு பழைய நிலைக்கு இறங்கும்வரை எண்ணி அட்டவணை போட வேண்டும். பத்து நிமிட வேலை, காசு செலவு இல்லை. இவ்வளவு எளிமையான ஒன்று எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் எனக்குச் சான்டோரியோவின் நூல் அகப்பட்டது. அதை வீட்டிலேயே கட்டிப் பார்த்தோம். தையல் நூல், முனையில் ஓர் இரும்பு நட்டு. நட்டு ஒரு முறை போய்த் திரும்புவதற்கு ஒரு துடிப்பு என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 60 துடிப்பு உள்ளவருக்கு நூல் சுமார் 25 செ.மீ. வரும். 72 துடிப்புக்கு 17 செ.மீ., 120 துடிப்புக்கு வெறும் 6 செ.மீ. வேகம் இரண்டு மடங்கானால் நூல் கால்வாசியாகிவிடும்.

“அப்பா, உங்க நாடி பதினாலு சென்டிமீட்டர்!” என்றாள் மகள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 80. விநாடி முள்ளைப் பார்த்து எண்ணியபோதும் ஏறக்குறைய அதுவே வந்தது. நானூறு வருடத்துக்கு முந்தைய கருவி ஒன்று கூடத்து விளக்கடியில் சரியாக வேலை செய்வதைப் பார்க்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஊசலைக் கொண்டு நாடியை அளப்பதற்கு முன்னால், நாடியைக் கொண்டு ஊசலை அளந்ததாக ஒரு கதை உண்டு. பீசா நகரத் தேவாலயத்தில் தொங்கும் விளக்கு ஆடுவதை இளைஞர் கலிலியோ பார்த்தாராம். ஆட்டத்தின் வீச்சு குறைந்துகொண்டே வந்தாலும், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறவில்லை என்று தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணித் தெரிந்துகொண்டாராம். அவருடைய சீடர் விவியானி எழுதிவைத்தது. அப்படியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் கதை சொல்லும் உண்மை ஒன்று இருக்கிறது: வேறு கடிகாரம் இல்லாத காலத்தில் மனிதனின் உடம்பே கடிகாரம்.

நம் பக்கத்திலும் அப்படித்தான். நாடி என்ற சொல்லுக்குக் குழாய், இரத்தக்குழல் என்ற பொருள்களோடு, 24 நிமிடம் கொண்ட ஒரு நாழிகை என்ற பொருளும் பழைய வானியல் நூல்களில் இருக்கிறது. அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு விநாடி. அன்றைய விநாடிக்கு இன்றைய கணக்கில் 24 நொடி. அந்த விநாடியையும் மூச்சை வைத்தே அளந்தார்கள்: ஆறு மூச்சு ஒரு விநாடி என்கிறது சூரிய சித்தாந்தம். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று சித்தர் மரபில் சொல்லப்படும் எண்ணும் இதே கணக்கில்தான் வருகிறது. காலமும் நாடியும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்த மொழியில் நாம் பேசுகிறோம் என்பது, இந்தச் செய்முறைக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நாடியைக் காலத்தோடு ஒப்பிட்டு எண்ணும் யோசனை சான்டோரியோவுக்கு முன் யாருக்கும் வரவில்லை என்று சொல்ல முடியாது. பொது ஆண்டுக்கு 300 வருடம் முன்பு அலெக்சாண்டிரியாவில் இருந்த ஹெரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர், நம் நாழிகை வட்டில் போன்ற ஒரு நீர்க்கடிகாரத்தை நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போனார் என்று பிற்கால நூல் ஒன்று சொல்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் வடியும் நேரத்துக்குள் அந்த வயதுக்குரிய துடிப்பைவிட அதிகம் அடித்தால் காய்ச்சல். அருமையான யோசனை. ஆனால் அது அவரோடு நின்றுபோனது. தொடர்ந்து எடுத்துச் செல்ல ஆள் இல்லை.

பின்னால் வந்தவர்கள் நாடியின் நடையைத்தான் பார்த்தார்கள். 2ஆம் நூற்றாண்டில் ரோமில் புகழ்பெற்றிருந்த கேலன், நாடியைப் பற்றி மட்டும் பல நூல்கள் எழுதினார். எறும்பு ஊர்வது போன்ற நாடி, ஆடு துள்ளுவது போன்ற நாடி, புழு நெளிவது போன்ற நாடி என்று அவர் நூல்களில் வரும் பெயர்கள் ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் புழங்கின. நம் சித்த மருத்துவரும் மூன்று விரலைப் பதித்து, வாதம் அன்னம்போல், கோழிபோல், மயில்போல் நடக்கும் என்றும், பித்தம் ஆமைபோல், அட்டைபோல் என்றும், ஐயம் தவளைபோல், பாம்புபோல் என்றும் சொன்னார்கள். மூன்றுக்கும் ஒன்று, அரை, கால் என்று மாத்திரைக் கணக்கும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மாத்திரையை அளந்தது விரல்தான்.

அந்த விரல்களின் நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயிரம் மணிக்கட்டுகளைத் தொட்டுப் பழகிய விரலுக்கு, கடிகாரத்துக்குத் தெரியாத பல சங்கதிகள் தெரியும். ஆனால் மயில் நடை என்றால் என்ன என்று ஒரு குரு தன் சீடனின் விரலைப் பிடித்து வைத்துத்தான் காட்ட முடியும். இன்னோர் ஊரில் இருக்கும் மருத்துவருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்ப முடியாது. பதினொரு வயதுப் பெண் நேற்றைய தன் நாடியை இன்றைய நாடியோடு ஒப்பிடவும் முடியாது. எண்ணால் அது முடியும்.

எண்ணின் பலத்தை முதலில் பெரிதாகக் காட்டியவர் வில்லியம் ஹார்வி. சான்டோரியோ பின்னாளில் பேராசிரியராக இருந்த அதே பாதுவா பல்கலைக்கழகத்தில் படித்து, 1602இல் பட்டம் வாங்கிப்போன ஆங்கிலேயர். 1628இல் வந்த அவருடைய நூலில் ஒரு கணக்கு வருகிறது. அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்குமேல் அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் மிகக் கொஞ்சம் இரத்தம்தான் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை மணியில் சேரும் அளவு உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகம். சாப்பாட்டிலிருந்து இவ்வளவு இரத்தம் புதிதாக ஊற வழியில்லை. அப்படியானால் போன இரத்தம்தான் திரும்பி வருகிறது, சுற்றிக்கொண்டிருக்கிறது. அரை மணிக்கு ஆயிரம் என்றால் நிமிடத்துக்கு 33தான் ஆகிறது, நிஜத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடிக்கும். மிகக் குறைவாக வைத்தாலும் தன் வாதம் நிற்கும் என்று காட்டவே அவர் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எண்ணுவதற்கு இன்னும் கருவி வரவில்லை. 1656இல் ஹாலந்தில் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தைச் செய்தார். 1675இல் அவரே கைக்கடக்கமான கடிகாரத்துக்குச் சுருள் வில்லைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் நிமிடம் சட்டைப்பைக்குள் வந்தது.

அந்த நிமிடத்தை மணிக்கட்டோடு சேர்த்தவர் ஜான் ஃபிளாயர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லிச்ஃபீல்டு என்ற சிறு நகரத்தில் வைத்தியம் பார்த்தவர். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. தன் மூச்சிரைப்பைத் தானே வருடக்கணக்கில் கவனித்து 1698இல் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உடம்பு படுத்தும்போது அதைக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவரிடம்தான் நாடியை எண்ணும் பொறுமையும் இருந்திருக்கும். முதலில் ஊசல் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். கப்பலில் மாலுமிகள் வைத்திருக்கும் ஒரு நிமிட மணல்கடிகாரத்தைக் கொண்டும் பார்த்தார். கடைசியில் சாமுவேல் வாட்சன் என்ற கடிகாரக் கைவினைஞரிடம் சொல்லி, சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்யவைத்தார். வேண்டும்போது அதை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு நெம்புகோல். 1707இல் இதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் பெயரை ‘மருத்துவரின் நாடிக்கடிகாரம்’ என்று தமிழில் சொல்லலாம்.

அந்த நூலில் சீன வைத்தியர்கள் நாடி பார்க்கும் முறையைப் பற்றியும் நிறையப் பேசுகிறார். எண்ணத் தொடங்கியவர் பழைய விரல் மரபை உதறிவிடவில்லை, தேடிப்போய்ப் படித்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அவர் சொன்ன சிகிச்சையில் பழைய நம்பிக்கைகள் அப்படியே இருந்தன. நாடி வேகமானால் குளிர்ச்சியானதைக் கொடு, மெதுவானால் சூடானதைக் கொடு என்ற வழி. வெந்நீரும் மோரும் வைத்து உடம்பைச் சமன்செய்யும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியாது. மிச்சமானது எண்தான். வயது, சாப்பாடு, வெயில், குளிர், உடலுழைப்பு என்று ஒவ்வொன்றும் நாடியை எவ்வளவு மாற்றுகிறது என்று அவர் எண்ணிப் பார்த்தார். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும் லிச்ஃபீல்டில் பிறந்தவர்தான். குழந்தையாக இருந்தபோது கழுத்தில் கட்டி வந்த அவரை, அரசி தொட்டால் குணமாகும் என்று 1712இல் லண்டனுக்குக் கொண்டுபோகச் சொன்னவர் இதே ஃபிளாயர். நிமிடத்தை எண்ணிய மனிதரும் தன் காலத்தின் மனிதர்தான்.

18ஆம் நூற்றாண்டிலேயே டப்ளின் மருத்துவர் பிரையன் ராபின்சன், ஒருவர் படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் நடந்த பிறகும் ஓடிய பிறகும் நாடியை எண்ணி வரிசையாக எழுதிவைத்தார். என் மகள் கோடு போட்ட நோட்டில் வரைந்த அட்டவணைக்கு மூத்த அண்ணன் அதுதான். ஆனால் பெரும்பாலான மருத்துவர்கள் எண்ணுவதைப் பொருட்படுத்தவில்லை. விநாடி முள்ளோடு கூடிய கடிகாரம் பரவலான 19ஆம் நூற்றாண்டில்தான் அது மருத்துவமனைகளில் அன்றாடப் பழக்கமாயிற்று.

“நின்ன பிறகும் ஏன்ப்பா இப்படி அடிக்குது?” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள் மகள்.

இதயத்துக்கென்று சொந்தத் தாளம் ஒன்று இருக்கிறது. வலது மேலறையில் இருக்கும் சிறு திசுக்கணு ஒன்று அதைக் கொடுக்கிறது. மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் ஓர் அகழெலியின் இதயத்தில் அதைக் கண்டுபிடிக்க, அவரும் ஆர்தர் கீத்தும் 1907இல் வெளியிட்டார்கள். அதைத் தன் போக்கில் விட்டால் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு நூறுமுறை அளவில் அடிக்கும். ஆனால் மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை மூக்கணாங்கயிறுபோல் இழுத்துப் பிடித்துவைத்திருக்கிறது. அதனால்தான் சும்மா உட்கார்ந்திருக்கையில் எழுபது, எண்பதோடு நிற்கிறது. இந்த நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகி நின்றே போகிறது என்று ஜெர்மனியைச் சேர்ந்த வேபர் சகோதரர்கள் 1845இல் காட்டினார்கள். நாம் குதிக்கத் தொடங்கியதும் முதலில் இந்தக் கயிறு தளர்கிறது. அதனால் ஓரிரண்டு அடிக்குள்ளேயே வேகம் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு இன்னொரு நரம்புத் தொகுதியும் அட்ரினலினும் சேர்ந்து விரட்டுகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இறைக்கும் பெரியவரின் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டரையும் தாண்டும்.

கால் நின்றதும் தசைகளின் வேலை முடிந்துவிடுவதில்லை. சேர்ந்த சூட்டை வெளியேற்ற வேண்டும், சேர்ந்த கழிவை அகற்ற வேண்டும், செலவான இருப்பைத் திரும்ப நிரப்ப வேண்டும். அதற்குத்தான் அந்தப் படபடப்பு. முதல் நிமிடத்தில் துடிப்பு சரசரவென்று இறங்குவது வேகஸ் மறுபடி கயிற்றைப் பிடிப்பதால். அது எவ்வளவு சுறுசுறுப்பாகப் பிடிக்கிறது என்பதே இந்தச் செய்முறையில் மிக முக்கியமான விஷயம். பிள்ளைகள் உச்ச எண்ணைத்தான் பெருமையோடு சொல்வார்கள். பார்க்கவேண்டியது இறங்கும் எண்ணை.

இதைப் புரிந்துகொண்டு ஒரு சோதனையாகவே வடித்தவர் லூசியன் பிரூஹா. பெல்ஜியத்திலிருந்து அமெரிக்கா போனவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிக் கட்டடத்து நிலவறையில், 1927இலிருந்து களைப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் நடந்துவந்தது. அங்கேதான் அவர் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போர் நேரம். பெருந்தொகையான இளைஞர்களின் உடல்திறனை விரைவாகப் பார்த்தாக வேண்டும், ஒவ்வொருவரையும் கருவியில் பூட்டிப் பார்க்க நேரமில்லை. 1943இல் பிரூஹா வெளியிட்ட முறைக்குத் தேவைப்பட்டவை 20 அங்குல உயரத்தில் ஒரு மேடையும் ஒரு கடிகாரமும்தான். நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்க வேண்டும். 5 நிமிடம், அல்லது களைத்து நிற்கும்வரை. பிறகு உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து 30 நொடிக்கு நாடியை எண்ணுவார்கள். இரண்டாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அதேபோல். ஏறி இறங்கிய நொடிகளை நூறால் பெருக்கி, மூன்று எண்ணிக்கையின் கூட்டுத்தொகையைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் ஒரு மதிப்பெண். முழு 5 நிமிடமும் ஏறி, 80, 70, 60 என்று எண்ணியவருக்கு 71 வரும். 90க்கு மேல் போனால் மிகச் சிறப்பு, 55க்குக் கீழே வந்தால் தேற வேண்டும்.

ஏறும்போது என்ன துடிப்பு என்று பிரூஹா கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இறங்குவதை மட்டுமே எண்ணினார். பள்ளிகளிலும் வீடுகளிலும் படியில் ஏறி இறங்கி நாடி எண்ணும் செய்முறைகள் இந்த மேடையின் வழியில் வந்தவை. கிளீவ்லாண்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் 2,428 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கியவர்களுக்கு உயிராபத்து அதிகம் என்று அவர்கள் கண்டது, மருத்துவர்களையும் அந்த இறக்கத்தின் பக்கம் திருப்பியது.

செய்யப்போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் கணக்குக் குழம்பும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை லேசாக வைத்தால் போதும். ஒரு துடிப்போடு கடிகாரத்தைத் தொடங்கினால் அந்தத் துடிப்பை ஒன்று என்று எண்ணாமல் பூச்சியம் என்று எண்ண வேண்டும். ஓய்வில் முழு நிமிடமும் எண்ணுவது நல்லது. குதித்து முடித்ததும் முழு நிமிடம் எண்ணினால் அதற்குள் துடிப்பே இறங்கிவிடும், சரிவின் நடுப்பகுதிதான் கிடைக்கும். 6 நொடி எண்ணிப் பத்தால் பெருக்கினாலோ, ஒரு துடிப்பு தவறினால் பத்து தவறிவிடும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவதே பொருத்தம். இதயக் கோளாறு உள்ளவர்களும், நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வருகிறவர்களும் குதிக்கவே வேண்டாம், உட்கார்ந்து எண்ணினாலே போதும்.

இன்னொன்று. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு உட்கார்ந்த நிலையில் 84 வந்ததும் முகம் வாடிவிட்டது. அந்த இடத்தில் அழித்து 72 என்று எழுதப்போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். பெரியவர்களுக்கே ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்புதான், சிறுவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தன் உடம்பு சொன்னதை அழித்துவிட்டுப் புத்தகம் சொன்னதை எழுதும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வருவதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறில்லை. 84 என்றே எழுதினாள். கயிறு தாண்டிய உடனே 148. ஒரு நிமிடத்தில் 112, அடுத்த நிமிடம் 98, அதற்கடுத்து 92.

நானும் வாசற்படியில் ஏறி இறங்கினேன். 132, ஒரு நிமிடம் கழித்து 114. மகள் கழித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு முப்பத்தாறு இறங்குச்சு, உங்களுக்குப் பதினெட்டுதான்ப்பா” என்றாள். மறுநாளிலிருந்து காலையில் அவளோடு நானும் நடக்கிறேன்.

இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, “எனக்கும் பாரு” என்று இடது கையை நீட்டினார். அவர் சிறு வயதில் கை பார்த்த வைத்தியர் பெண்களுக்கு இடது கையைத்தான் பிடிப்பாராம். மகள் இரண்டு விரலை வைத்ததும், “மூணு வெரல் வைக்கணும்டி” என்று தானே எடுத்து வைத்துக்கொடுத்தார். விநாடி முள் ஒரு சுற்று வந்தது.

“எழுபத்தாறு, பாட்டி.”

“அது கெடக்கட்டும். எப்படி நடக்குது, அதச் சொல்லு.”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மூன்று விரலையும் பதித்தாள்.